கோபித்துக்கொள்ள ஒரு குறை

கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அதில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு போவார். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவருவதுதான் இசக்கியம்மாளின் தொழில்.

இப்படி ஒரு தொழிலுக்கு முன்பெல்லாம் பலகை எழுதிக் கடை போட முடியாது. யார் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? முகத்தைத் தூக்கியவரை வைத்துக்கொண்டு தவிக்கிற வீட்டுக்காரர்கள்தான், தென்காசியில் இசக்கி என்று ஒருத்தி இருப்பதை எப்படி அறிவார்கள்? துணைகள் வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

துணை என்பது காதோரம் ஒட்டிக்கொள்ளும் சுண்டைக்காய் அளவுப் பொத்தான். அதற்குள் ஒரு குரல் இருக்கும். ஆளுக்கு ஒன்று உண்டு. தன் ஆளுக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும். ‘என் ஆளுக்கு இப்படி ஒன்று தேவை, உன் ஆளிடம் இருக்கிறதா’ என்று மற்ற துணைகளிடம் அது கேட்கும். அந்தக் கேள்வி கண்மூடித் திறப்பதற்குள் ஜில்லா முழுவதும் சுற்றி வந்துவிடும். அதனால் யாரும் நினைத்துப் பார்க்காத தொழில்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. செங்கோட்டையில் ஒருவர், மூடி தொலைந்துபோன தூக்குச்சட்டிகளுக்கு மூடி மட்டும் செய்தார். கடையநல்லூரில் ஓர் அம்மாள் இடது கைக்காரர்களுக்கு மட்டும் அரிவாள்மனை விற்றாள். சுரண்டையில் ஒருவன், குறட்டை விடுகிறவருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியவர்களுக்கென்று தலையணை தைத்தான். அவர்களுக்கெல்லாம் நிற்க நேரமில்லை.

இசக்கிக்கும் அப்படித்தான் இருந்தது. அவளுடைய துணைக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தாள். “யக்கா, பாவூர்சத்திரத்துல ஒரு பெரியப்பா போன எடுக்க மாட்டேங்காராம்,” என்று அது காதுக்குள் சொல்லும். இசக்கி சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. போன வீட்டில் விஷயத்தைப் பேசவே மாட்டாள். தண்ணீர் கேட்பாள். கோபம் இருக்கிற வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், காபி கொடுக்க மாட்டார்கள். அவள் உட்கார்ந்தே இருப்பாள். அவர்களாகத் திட்டத் தொடங்குவார்கள். “பெறகு?” என்பாள். இன்னும் திட்டுவார்கள். “பெறகு என்ன செஞ்சாவ?” என்பாள். கடைசியில் காபி வரும். காபி வந்துவிட்டால் கோபத்தில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். மீதிப் பாதியை வழியில் பஸ்ஸில் பேசித் தீர்த்துவிடலாம்.

இந்த வருஷம் ஆனி முகூர்த்தங்கள் போயின. ஆடியும் போயிற்று. ஆவணி பிறந்து மண்டபங்களில் மேளம் கேட்கத் தொடங்கியது. இசக்கியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

“ஊர்ல கல்யாணமே நடக்கலியா சிட்டு?”

“நல்லா நடக்குக்கா. ஒரு மண்டபமும் காலியா இல்ல.”

“பின்ன ஒருத்தனுக்கும் கோவம் வரலியா?”

“வராம பாத்துக்கிடுதோம்,” என்றது சிட்டு. அதன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பாத்துக்கிடுதோம்னா?”

“கல்யாண வீட்டுத் துணை முன்னாடியே எல்லாச் சொந்தக்காரங்க துணைகிட்டயும் கேட்டுரும்க்கா. உங்க ஆளுக்கு எதுக்கெல்லாம் மனசு சங்கடப்படும்னு. பத்திரிகையில பேரு கீழ போட்டா பெரியப்பாவுக்கு ஆகாதா? அவரு வீட்டுக்குப் போற பத்திரிகையில அவரு பேரு மேல இருக்கும். சித்தப்பா வீட்டுக்குப் போறதுல சித்தப்பா பேரு மேல.”

“ரெண்டு பேரும் பத்திரிகைய வச்சு ஒப்பிட்டுப் பாத்தா?”

“எப்பிடிப் பாப்பாவ? இப்ப யாரு யாரு வீட்டுக்குப் போறாவ?”

இசக்கி வெற்றிலை போடுவதை நிறுத்தினாள். “இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“நீங்கதான்,” என்றது சிட்டு. “உங்ககூட எத்தன வீட்டுக்கு வந்திருக்கேன். யாரு எதுக்குக் கோவிச்சாவன்னு எனக்குத் தெரியும்லா. பேரு ஊரு சொல்லாம மத்த துணைகளுக்குச் சொன்னேன். ஊருக்கு நல்லதுன்னு நெனச்சேன்க்கா.”

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு ஊருக்கு நல்லதாம்.”

அன்று முழுவதும் அவள் சிட்டுவோடு பேசவில்லை. பேசாமல் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. அவள் பேச விரும்பவில்லை என்று புரிந்துகொண்டு அதுவும் மரியாதையாகப் பேசாமல் இருந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வரச்சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆவணி முடிவதற்குள் ஒரு வேலையும் வராவிட்டால் தொழிலை விட்டுவிட்டு அங்கே போய்விடுவது என்று இசக்கி முடிவு செய்தாள். போக அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்ல பெண், நல்ல மருமகன். அந்த வீட்டில் யாரும் யாரோடும் கோபித்துக்கொள்வதில்லை. மனம் சரியில்லை என்றால் அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் தாமாகவே சரியாகி வெளியே வந்து தோசை சாப்பிடுவார்கள். அங்கே தான் எதற்கு என்று இசக்கிக்கு விளங்கியதே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் உலகேஸ்வரி வந்தாள். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குள் வந்துவிட்டாள். பல் டாக்டருக்குப் படித்த பெண். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

“எங்க மாமா வரமாட்டேங்காருக்கா. அம்மாவோட அண்ணன். இலஞ்சியில இருக்காரு, குற்றாலிங்கம்னு பேரு.”

இசக்கிக்கு முகம் மலர்ந்தது. “என்ன கோவம்?”

“கோவமே இல்லைங்காரு. எல்லாம் திருப்தியா இருக்கு, நல்லபடியா நடத்துங்க, முழங்கால் வலிக்கு, நான் இங்கயிருந்தே ஆசீர்வாதம் பண்ணுதேன்னு சொல்லுதாரு.”

“முழங்கால் வலிதான?”

“நேத்து தென்னமரத்துல ஏறிக் காய் வெட்டிப் போட்டிருக்காரு.”

மாமா எல்லா விசேஷத்திலும் கோபித்துக்கொள்கிற ஆள்தான் என்று உலகேஸ்வரி சொன்னாள். அம்மாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தன்னைப் பார்த்துக் கும்பிடவில்லை என்று குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். இவள் காது குத்துக்கு ஆட்டுக்கறியில் எலும்பாகப் போட்டார்கள் என்று எழுந்து போனார். சடங்குக்கு எடுத்துக் கொடுத்த சட்டை சிறியதாக இருந்ததென்று இவர் போய்விட, பாதிப் பந்தி இவரைத் தேடிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். இந்தத் தடவை குறை எதுவும் சொல்லாமலே வரமாட்டேன் என்கிறார்.

“மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன். அம்மாட்ட சொல்லிட்டேன்,” என்றாள் அந்தப் பெண். டாக்டருக்குப் படித்தவள் போல இல்லாமல் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் இசக்கி இலஞ்சிக்குப் போனாள். குற்றாலிங்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் கம்பம்போல் நிமிர்ந்திருந்தார். அவளைக் கண்டதும், “வாங்கம்மா, உக்காருங்க,” என்றார். உள்ளே இருந்த மனைவியிடம், “சண்முகத்தாயி, காப்பி போடு,” என்றார்.

காபி வந்தது. கூடவே மிக்சரும் முறுக்கும் வந்தன. இத்தனை வருஷத் தொழிலில் முதலிலேயே காபி வந்த வீட்டை அவள் பார்த்ததில்லை.

“கல்யாணத்துல எதும் குறையா அண்ணாச்சி?”

“ஒரு குறையுமில்ல. பாருங்க, பத்திரிகையில எம் பேரு மொதல்ல. இனிஷியல்கூட சரியா இருக்கு. வாசலுக்கே காரு வருதாம். மொத வரிசையில மெத்த போட்ட நாற்காலியாம், எம் முழங்காலுக்கு. ரோஜாப்பூன்னா எனக்குத் தும்மல் வரும், அதனால சம்பங்கி மாலையாம். யாரு குத்தம் சொல்ல முடியும்?”

“பின்ன வாரதுக்கு என்ன?”

“வந்து நான் என்ன செய்யணும்? அதான் எல்லாம் செஞ்சு முடிச்சாச்சே.” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்து ஊர்க்காரரின் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

அடுக்களை வாசலில் நின்ற சண்முகத்தாய் தாங்க முடியாமல் சொன்னாள். “இந்தப் பொத்தானும் அந்தப் பொத்தானும் பேசி முடிச்சிட்டு. பத்திரிகை வருதுன்னதும் இவிய காலையிலேயே குளிச்சு, வெளுத்த வேட்டி கட்டி, வாசலப் பாத்து உக்காந்திருந்தாவ. தங்கச்சி வருவான்னு. ஒரு வண்டி வந்து பத்திரிகையப் போட்டுட்டுப் போச்சு.”

“நீ சும்மா இரு. அவளுக்கு ஆயிரம் வேல,” என்றார் அவர். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் சாரல் முகத்தில் அடித்தது. சிட்டு மெதுவாகப் பேச்செடுத்தது. “எனக்கு ஒரு காரணமும் அகப்படலக்கா. அவரு துணைகிட்டக் கேட்டேன். கோவம் துளிகூட இல்லைங்குது. நாடித்துடிப்பும் சீரா இருக்காம்.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு. கோவிச்சவர கூட்டிட்டு வந்துரலாம். இவரு விலகிட்டாரு.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“வேத்தாள் மேல யாருக்காவது கோவம் வருமா? தங்கச்சிய வேத்தாளா நெனைக்க ஆரம்பிச்சிட்டாரு. நீங்கல்லாம் சேந்து அவரு கோவிக்க ஒரு எடம் விடாம அடைச்சுட்டிய.”

சிட்டு இதைக் குறித்துக்கொண்டது.

அன்றைக்கே இசக்கி உலகேஸ்வரியின் அம்மா கோமதியைப் போய்ப் பார்த்தாள். “நாளைக்கு நீயே போய் அண்ணனுக்குப் பத்திரிகை வையி. தட்ட நீயே எடு. காதுல கெடக்கத கழட்டி வச்சிட்டுப் போ.”

கோமதிக்கு வேர்த்துவிட்டது. “அது சொல்லித் தராம நான் என்னத்தப் பேசுவேன்க்கா? எங்கண்ணன் வாயி உங்களுக்குத் தெரியாது. எதாவது தப்பாப் போயிரும்.”

“போவட்டும்.”

“போனா?”

“போனாத்தான நான் வந்து சரிபண்ண முடியும். எனக்கும் வேல வேண்டாமா?”

மறுநாள் காலையில் இசக்கி முன்னதாகவே போய் இலஞ்சித் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்றுகொண்டாள். கோமதி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பட்டுச் சேலை, கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், பூ, வெற்றிலை, பத்திரிகை எல்லாம் இருந்தன. அண்ணன் வீட்டு வாசலை நெருங்கும்போது எதிர்வீட்டு ஆவுடையம்மாள் வாளியோடு வெளியே வந்தாள்.

“கோமதியா? எம்புட்டு நாளாச்சு பாத்து. மகளுக்குக் கல்யாணமாமே, எங்களுக்கெல்லாம் பத்திரிகை கெடையாதா?”

காதுக்குள் துணை இருந்திருந்தால் கோமதி சிரித்துவிட்டு, ‘அண்ணனுக்கு வச்சிட்டு வாரேன்’ என்றிருப்பாள். அது இல்லை. அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்தத் தெருவிலேயே நின்று, அண்ணனுக்குக் கொண்டுவந்த தட்டிலிருந்தே ஒரு பத்திரிகையை எடுத்து, குங்குமம் வைத்து, இரண்டு வெற்றிலையோடு ஆவுடையம்மாள் கையில் கொடுத்தாள். பெட்டிக்கடையில் நின்ற இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாய்மாமனுக்கு வைக்குமுன் அடுத்தவர்க்கு வைப்பதா? அதுவும் அவர் ஜன்னலுக்கு நேரே.

கோமதி படியேறினாள். கொஞ்ச நேரத்தில் குரல் தெருமுனைக்குக் கேட்டது.

“எதுத்த வீட்டுக்கு வச்ச மிச்சத்த எனக்குக் கொண்டாந்தியாட்டி? தூக்கிட்டுப் போ தட்ட. நான் செத்தா போயிட்டேன்?”

“அந்தம்மா வாய்விட்டுக் கேட்டுட்டாண்ணே.”

“கேட்டா குடுத்துருவியா? நான் இத்தன நாளா வாசலப் பாத்து உக்காந்திருக்கேன், என்ன கேக்க நாதியில்ல. வண்டியில வச்சு அனுப்புத. கரண்டு பில்லு வார மாதிரி வருது பத்திரிகை.”

“நீ மட்டும் யோக்கியமா? சட்ட பத்தலன்னு எம் பிள்ள சடங்குல எந்திரிச்சுப் போனவந்தான?”

“அது சட்டையாட்டி? அத ஆவுடையம்மா பேரனுக்குப் போட்டாலே பிடிக்கும்.”

இசக்கி ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கடித்தாள். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

சிட்டு பதறியது. “யக்கா, நெலம ரொம்ப மோசமாயிட்டே போவுது. அவரு நாடித்துடிப்பு ஏறிக்கிட்டு இருக்கு.”

“ஏறட்டும்.”

“உள்ள போங்கக்கா.”

“இரு. இன்னும் காது குத்துக்கு வரல.”

எலும்பு விஷயம் வந்த பிறகுதான் அவள் உள்ளே போனாள். குற்றாலிங்கம் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சண்முகத்தாய் ஒரு டம்ளர் தண்ணீரை நங்கென்று தரையில் வைத்தாள். காபியைப் பற்றிப் பேச்சே இல்லை. இசக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பெறகு என்ன செஞ்சா அண்ணாச்சி?” என்றாள்.

மத்தியானம்வரை கேட்டாள். கோமதி நடுவில் அழுதாள். குற்றாலிங்கம் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாரலில் சளி பிடித்திருக்கிறது என்றார். வெயில் சாயத் தொடங்கியபோது காபி வந்தது.

“பிள்ளைக்காக வாரேன். இவளுக்காக இல்ல,” என்றார் அவர். “ஆனா புதுத் தட்டு. புது வெத்தில. மாப்பிள்ளையும் கூட வந்து அழைக்கணும். அந்தக் காரெல்லாம் வேண்டாம், நான் டவுன் பஸ்ல வந்துக்கிடுவேன்.”

வெள்ளிக்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வந்துவிட்டார். நாதஸ்வரம் இழுவையாக இருக்கிறது என்றார், சாம்பாரில் உப்பு பார்த்தார், மாப்பிள்ளையின் தம்பியைச் செருப்பை ஒழுங்காகப் போடச் சொன்னார். மாலையை எடுத்து உலகேஸ்வரியின் கழுத்தில் போடும்போது மட்டும் அவருக்குப் பேச்சு வரவில்லை.

சிட்டு காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தது. “யக்கா, ஊர்ல உள்ள துணை எல்லாம் உங்களப் பத்திக் கேக்குது. இப்பிடி விலகிப்போன ஆளுங்க வீட்டுக்கு வீடு இருக்காவளாம். இனிமே எங்கயாவது ஒரு குறை வைக்கணும்னு நாங்க பேசிக்கிட்டோம். எங்க வைக்கன்னுதான் தெரியல.”

“வைக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“பழகணும்க்கா.”

இனிக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இசக்கி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று குற்றாலிங்கம் சொல்லியிருந்தார். வாசலில் ஒரு திரையில் பெயர்கள் ஓடின. அங்கே நின்ற மண்டபத்து ஆள் மேலும் கீழும் பார்த்தார்.

“ஒங்க பேரு இதுல இல்லையேம்மா. வேலைக்கு வந்தவங்கன்னா கடைசிப் பந்தி. அந்தப் பக்கமா பெஞ்சில இருங்க.”

பெஞ்சில் பாத்திரம் கழுவ வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இசக்கி உட்காரவில்லை. அவளுக்கு முகம் சுட்டது. அந்த ஆள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்தவள்தான். ஆனாலும் அவள் குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள். குடையை விரிக்கத் தோன்றவில்லை. நனைந்துகொண்டே நடந்தாள்.

“ஆட்டோ கூப்பிடட்டுமாக்கா?” என்றது சிட்டு.

“வேண்டாம்.”

தெரு திரும்பும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. “சிட்டு, பந்தியில யாரு யாரு எங்க உக்காரணும்னு போட்டது யாரு?”

“நாங்கதான்.”

“நீங்க பேர விட மாட்டியளே.”

“விட மாட்டோம்,” என்றது சிட்டு.

இசக்கி நின்றுவிட்டாள். கோபம் காதுவரை ஏறியது. பொத்தானைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிடலாம் என்று கையைக்கூடக் கொண்டுபோனாள். அப்போது பின்னால் செருப்புகள் தண்ணீரில் சளப் சளப் என்று ஓடிவரும் சத்தம் கேட்டது.

“ஏ இசக்கி, நில்லு. ஏம்மா, நில்லுங்கேன்லா.” குற்றாலிங்கத்தின் குரல். “யக்கா, யக்கா,” என்று அதற்குப் பின்னால் கோமதி.

“அவியளையும் நீதான் அனுப்புனியா?” என்று இசக்கி மெல்லக் கேட்டாள்.

“இல்லக்கா. அவிய துணைகிட்டக்கூட சொல்லல. பேர எடுத்தது மட்டுந்தான் நான்.”

“தேடிக்கிட்டு வராம இருந்திருந்தாவன்னா?”

“அது எனக்குத் தெரியலக்கா,” என்றது சிட்டு. “பயமாத்தான் இருந்துச்சு.”

இசக்கி கையைக் கீழே போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி நடந்தாள், ஆனால் எட்டிப் பிடிக்கிற மாதிரி நடந்தாள். குற்றாலிங்கம் மூச்சிரைக்க வந்து முன்னால் மறித்து நின்றார். பட்டு வேட்டி முழங்கால்வரை சேறு. ஆயுள் முழுக்கக் கோபித்துக்கொண்டவருக்கு அடுத்தவரைத் தணிக்கத் தெரியவில்லை.

“பாத்திரம் கழுவுற பிள்ளைய சொல்லித்தான் தெரியும். எவனோ கிறுக்கன் சொன்னான்னு இப்பிடி வந்துருவியா? நாங்க யாரும் இல்லையா அங்க? உன் எலைய வெறும் எலையா வச்சிட்டு நான் எப்பிடிச் சாப்புட?” அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் தங்கையைப் பார்த்தார். கோமதி இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கக்கா. சாப்புடாமப் போனா எம் பிள்ள எங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிரும்,” என்றாள்.

வீடு வீடாகப் போய் உட்கார்ந்தவளுக்கு, இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுவரை தெரியாது. அவள் முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டாள்.

“நான் வரல. எனக்குப் பசியில்ல,” என்றாள்.

அவளுக்கு நல்ல பசி.